மூன்று மணிச் சங்கும் சித்தியின் கேசட்டும்

என் சித்தி ஒரு பாப் பாடகி. இதை இப்போது சொன்னாலும் வீட்டில் சிரிக்கிறார்கள், சித்தி உட்பட. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில், அவள் படம் போட்டு எட்டுப் பாட்டுகளோடு ஒரு கேசட் வந்தது உண்மை. அதில் ‘லாலலா’ என்று பின்னால் வருகிற குரல்களில் ஒன்று என்னுடையது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்த சித்திக்கு, சொந்தப் பாட்டுகளைக் கேசட்டாகப் போட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. தாத்தா ஒரே ஒரு கேசட்டுக்குச் சம்மதித்தார். அது கடைக்கு வந்தால் மேற்கொண்டு பாடலாம், வராவிட்டால் மேடைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்றார். அன்றிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரை ஸ்டூடியோ எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ரெக்கார்டிங் மாஸ்டரே மிஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். என் மாமாவின் பேண்டேஜ் துணிக் கிட்டங்கிதான் ஸ்டூடியோ. கூரை வரைக்கும் துணிப் பொதிகள். மாஸ்டர் நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். துளி எதிரொலி இல்லை. மெட்ராஸில்கூட இப்படி ஓர் அறை அமையாது என்று சொல்லி மாமாவைக் குளிரவைத்தார். மின்விசிறி போடக் கூடாது என்பதால் நாங்கள் வேர்வையில் ஊறி, தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வருவோம். எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

இன்று எனக்குச் சித்தப்பாவாக இருப்பவர் அப்போது எதிர் மில்லில் எலக்ட்ரீசியன். மிஷினில் ‘உய்ங்’ என்று ஓர் இரைச்சல் வந்தபோது, எர்த்துக்காகத் தரையில் ஒரு கம்பியை அடித்து இறக்கி அதை நிறுத்திக் கொடுத்தவர் அவர். இரைச்சல் நின்ற பிறகும், தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் வந்து கம்பியைப் பார்த்துவிட்டுப் போனார். மழை நாளில்கூட வந்தார். கம்பிகளுக்கு இவ்வளவு கவனிப்பு தேவைப்படுமா என்று நான் வியந்திருக்கிறேன்.

கடைசி நாள் ஒரு பாட்டுதான் பாக்கி. காத்திருக்கிற ஒருத்தி பாடுகிற பாட்டு. அன்று பார்த்து மாஸ்டருக்குச் சூடான பால்கோவா மேல் ஆசை வந்து, எங்களைப் பாடிப் பழகச் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பழகும்போதே சித்தியின் குரல் அப்படிக் கூடி வந்தது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏட்டி, இன்னைக்கு உனக்கு வருது. விட்றாத” என்று ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்திவிட்டார். இரண்டாவது சரணத்தில் சித்தி ஏறினாளே ஓர் ஏற்றம், அந்த உயரத்துக்கு அவள் அதற்கு முன்பு போனதே இல்லை. முடிந்ததும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் வந்தார், எல்லோரும் பால்கோவா தின்றோம், மிஷின் மதுரைக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் மாஸ்டர் எங்களை மதுரைக்கு வரச் சொன்னார். அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டி, இது என்ன சத்தம் என்று கேட்டார். எது என்று கேட்டார் மாமா. மாஸ்டர் மறுபடியும் போட்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அவர் விரலை நீட்டிக் காட்டிய பிறகுதான் உறைத்தது. சரணம் முழுக்க எதிர் மில்லின் மூன்று மணிச் சங்கு அலறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் சங்கு யார் காதிலும் விழாது. கை தானாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும், அவ்வளவுதான்.

“வெளியூர்க்காரன் கேட்டா எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னு எந்திரிச்சு ஓடுவான்” என்றார் மாஸ்டர். கேசட்டை வாங்கி விற்பதாகச் சொல்லியிருந்த கடைக்காரர் இதை எடுக்க மாட்டார் என்றும் சொன்னார். சித்தியின் முகம் வெளுத்துப்போனது. பால்கோவாவுக்குப் போனது மாஸ்டர் மனதையும் உறுத்தியிருக்க வேண்டும். வாடகை வாங்காமல் அங்கேயே மறுபடி பாடச் சொன்னார்.

குளிர்ந்த, சத்தமே இல்லாத அறை. சித்தி பிசகில்லாமல் பாடினாள். ஆனால் அந்த ஏற்றம் மட்டும் வரவில்லை. எத்தனை தடவை பாடியும் வரவில்லை. சங்குக்கு மேலே குரலை உயர்த்திப் பேசிப் பழகிய ஊர், அதனால்தான் என்று மாஸ்டர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். உதவியாளரை வாசலில் நிறுத்தி விசில்கூட ஊதவைத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

சித்தி மைக்கை விட்டு விலகி மாஸ்டரிடம் வந்தாள். “பழசே இருக்கட்டும் அண்ணாச்சி. சங்கோட வரட்டும். வராட்டி அந்த கேசட்டே எனக்கு வேண்டாம்” என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற சித்தி அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. பயத்தில் நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் பாட்டைக் கேட்டார். சங்கு வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார், இன்னொரு தடவை போடச் சொன்னார், இதையே முதல் பாட்டாக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கேசட் வந்த அன்று வீட்டில் போட்டபோது, மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆன தாத்தா, சரணத்தின் நடுவில் எழுந்து தூக்குச்சட்டியைத் தேடினார். பிறகு அசடு வழிய உட்கார்ந்து, “பாடட்டும் கழுத” என்றார். சித்தி அழுதாள், சிரித்தாள், என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அன்று சாயங்காலம் எலக்ட்ரீசியன் வந்தார். பார்க்க வேண்டிய கம்பி எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. நான்தான் பெருமையோடு உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். “இந்தா வருது கேளுங்க, ஒங்க ஷிஃப்ட்டு விடுத சங்கு” என்றேன். அவர் முழுப் பாட்டையும் கேட்டார். அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். நான் சுற்றிச் சுற்றிப் போட்டேன். டேப் தேய்ந்துவிடும் என்று சித்தி அடுப்படியிலிருந்து என்னை ஏசினாளே தவிர, வந்து நிறுத்தவில்லை.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தினமும் மில்லில் கேட்பது போதாதென்று இங்கேயும் வந்து கேட்கிறாரே, வேலை மேல் ஒரு மனிதருக்கு இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டேன்.