அகரத்துக் காட்டில் ஏழு குழாய்கள்

என் மனைவி இறந்த அன்று மைக் செட் கட்டியது நான்தான். திண்டுக்கல்லில் பத்து வருஷமாக அதுதான் என் தொழில். வேறு கடைக்காரனைக் கூப்பிட மனசு வரவில்லை. மாடியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினேன், ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன், நடுவில் ஃப்யூஸ் போனபோது மாற்றினேன். அவளை எடுத்துக்கொண்டு போகிறவரை கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். காரியம் முடிந்த மறுநாள், பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்.

"அம்மா செத்தது ஒங்களுக்கு ஒண்ணுமே செய்யலையாப்பா?"

நான் வேலைக்குக் கிளம்பினேன். அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எனக்கே என்னைக் கண்டால் பயமாகத்தான் இருந்தது.

அது தை மாதம். பங்குனியில் சென்னையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். ஓவியக் கல்லூரியில் படித்தவளாம். பக்கத்து ஊரான அகரத்தில் கடலை பிடுங்கிவிட்டு வெறுமனே கிடந்த ஒரு காட்டு நிலத்தில் ஏழு கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு குழாய் கட்ட வேண்டும் என்றாள். வானத்தில் சப்தரிஷி நட்சத்திரங்கள் எப்படி நிற்கின்றனவோ, தரையில் அப்படியே கம்பங்கள் நிற்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஒரே ஒரு சத்தம், நிற்காமல். பளிச்சென்று தெரிகிற நட்சத்திரத்துக்குக் கூடுதல் சத்தம், மங்கலானதுக்குக் குறைச்சல். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து, மேலே நிஜ நட்சத்திரம் தெரிகிறபோது நிறுத்திவிட வேண்டும்.

எனக்கு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். சரி என்றேன். ஏழு டேப்புக்கும் ஏழு ஆம்ப்ளிஃபயருக்கும் தெரிந்த கடையெல்லாம் அலைந்தேன்.

சொன்ன நாளில் கம்பங்களை நட்டு, நாலு மணிக்குக் கிணற்று மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் இழுத்து எல்லாவற்றையும் ஓடவிட்டேன். ஊஊ என்று ஒரு முனகல் காடு முழுக்கப் பரவியது.

"ஏம்மா, பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"இதுதாண்ணே பாட்டு" என்று சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு கடைசிக் கம்பத்துக்குப் போய்விட்டாள். நான் மோட்டார் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் குழாய் கட்டினால் கல்யாணம், காதுகுத்து, கோயில், எதுவானாலும் பாட்டுதான் முதலில் வரும். பாட்டே இல்லாமல் சங்கு ஊதுகிற மாதிரி இழுத்தால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். அஞ்சு மணி வாக்கில் வரப்பு வழியாக ஏழெட்டு ஆண்கள் வந்தார்கள். ஒருவர் கையில் மாலை. காட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். அங்கே ஆள் என்று உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான். முதலில் வந்தவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

சாவு வீட்டில் ஆண்கள் துக்கம் கேட்பது அப்படித்தான். பேச்சு கிடையாது. வருகிறவர் கையை நீட்டுவார், வீட்டுக்காரர் நீட்டிய கையைத் தொடுவார், அவ்வளவுதான். அவள் இறந்த அன்று என் வீட்டில் என் மச்சான்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவர்கள் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மைக் செட்காரனிடம் யார் கை நீட்டுவார்கள்?

இங்கே யாரும் சாகவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையை நீட்டினேன். ஒருவர் பின் ஒருவராகத் தொட்டார்கள். மாலை வைத்திருந்தவர் கடைசி.

"தவறுனது யாருப்பா?" என்றார்.

"என் வீட்டுக்காரிங்கய்யா."

"எப்ப?"

"தையில."

அவர் கம்பங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ தப்பாக வந்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் என் கையை விடவில்லை. பிறகு மாலையை ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தட்டை வைத்தாள்.

"அம்மாவுக்குத் துக்கம் கேட்டு இன்னைக்கு ஆள் வந்தாக" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "யாரு?"

"தெரியல. அகரத்து ஆளுக."

"நீங்க அழுதீகளா?"

"இல்லத்தா. கைதான் நடுங்குச்சு."

அவள் எதிரில் உட்கார்ந்து என் கையை எடுத்துப் பார்த்தாள். அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.