பட்டி இடம் மாறியிருந்தது

சிக்னல் இல்லாத காட்டிலும் மேப் வேலை செய்யும் என்பதை எனக்குச் சொன்னது ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு பெண். நான் கால்நடை ஆய்வாளர். பென்னாகரத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. ஊசி போட்ட மாடுகளைப் பதிய ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள்.

"வூட்லயே வைஃபைல மேப்ப டவுன்லோடு பண்ணி வச்சிக்கோங்க சார். அப்புறம் எந்தக் காட்டுக்குப் போனாலும் நீங்க எங்க இருக்கீங்கன்னு காட்டும்" என்றாள்.

டவரே இல்லாத இடத்தில் அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மேலே சாட்டிலைட்டுகள் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்குமாம். கையில் இருப்பது அதைக் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளுமாம்.

"அப்போ நான் இங்க இருக்கேன்னு சாட்டிலைட்டுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாதுங்க சார். இது கேக்கறதோட சரி. யாருக்கும் சொல்லாது."

என் வீட்டு நிலவரமும் அதேதான். மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனதும் டிவியைப் போட்டுவிடுவேன். அது பேசும், நான் கேட்பேன். அவள் இருந்தவரை வேலை நேரத்தில் போன் வந்தபடி இருக்கும். எங்கே இருக்கிறீர்கள், எப்போது வருவீர்கள், சாப்பிட்டீர்களா. இப்போது நாள் முழுக்கக் காட்டில் இருந்துவிட்டு சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து பார்த்தால், கடன் வேண்டுமா என்று கேட்கிற மெசேஜ்தான் இருக்கும். ஒரு மிஸ்டு கால் இருக்காது. நான் வராமல் போனால் அது எத்தனை நாள் கழித்து யாருக்குத் தெரியவரும் என்று சில இரவுகளில் யோசித்திருக்கிறேன். பால்காரருக்குத்தான் முதலில் தெரியும் என்று தோன்றும்.

அதனாலோ என்னவோ, மேப்பில் வரும் அந்த நீலப் புள்ளியின் மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. நான் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். அதனிடம் பேசவும் ஆரம்பித்திருந்தேன். "என்னப்பா, இந்தப் பக்கமா?" என்பேன். யாராவது பார்த்திருந்தால் ஆளுக்கு மரை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

போகிற இடத்தையெல்லாம் அதில் குறித்து வைப்பேன். அப்படிக் குறித்த ஒன்று, காட்டோரத்தில் மாடு மேய்ப்பவர்களின் பட்டி. முள்ளை வெட்டி வட்டமாக அடைத்து, இரவில் மாடுகளை உள்ளே விட்டு, பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்கியிருப்பார்கள். முதல் தடவை போனபோது ஏழெட்டுக் கன்றுகளுக்கு ஊசி விட்டுப்போயிருந்தது. மழை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு என் உதவியாளர் தன் மகளின் காதுகுத்துக்கு லீவு போட்டிருந்தார். தனியாகவே கிளம்பினேன். மண்பாதை முடிகிற இடத்தில் பைக்கை நிறுத்தி, ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். இந்தப் பக்கம் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மேட்டைத் தாண்டி இறங்கியதும் புள்ளி மிகச் சரியாக நான் குறித்த இடத்தில் போய் உட்கார்ந்தது.

அங்கே பட்டி இல்லை. காய்ந்த சாணி, சரிந்த முள்வேலி, மழையில் கரைந்த அடுப்புச் சாம்பல், அவ்வளவுதான். புல் தீர்ந்தால் பட்டியை வேறு பக்கம் மாற்றிவிடுவார்கள் என்பது மாட்டு வைத்தியம் பார்க்கிற எனக்குத் தெரியாததா? நகரத்தில் வீட்டைக் குறிப்பதுபோல பட்டியைக் குறித்து வைத்திருக்கிறேன். வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று டேப்லெட் காட்டியது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன். நான் சரியான இடத்தில்தான் இருந்தேன், ஆனால் அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே ஓடைப் பக்கமிருந்து மாட்டு மணி கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். ஓடைக்கு அந்தக் கரையில் புதுப் பட்டி இருந்தது. புருஷனும் பெண்சாதியும் இரண்டே பேர். இருவருக்கும் நாற்பது வயதிருக்கும்.

"பட்டிய மாத்திட்டோமுங்க சார். சொல்லி அனுப்பலாம்னா இங்க எதுங்க போனு?" என்றார் அவர்.

அவர் கன்றுகளைப் பிடிக்க, நான் ஊசி போட்டேன். முடித்ததும் அந்தப் பெண் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

"தனியாவா வந்தீங்க? வூட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"சொல்றதுக்கு வூட்ல யாரும் இல்லம்மா."

அவள் சொம்பை வாங்கி இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

கிளம்பும்போது பைக் வரைக்கும் தான் வருவதாக அவர் சொன்னார். வேண்டாம், வழி இதிலேயே இருக்கிறது என்று டேப்லெட்டைக் காட்டினேன்.

"சரிங்க. அந்த மேட்டு மேல ஏறுனதும் ஒரு குரல் குடுங்க. நாங்களும் குடுப்போம்" என்றார்.

விருந்தாளியிடம் ஊருக்குப் போனதும் போன் பண்ணுங்கள் என்று சொல்வோமே, அதுபோல ஒரு பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்டில் ஏறி நின்றேன். குரல் கொடுப்பது என்றால் என்னவென்று கொடுப்பது? ஆளில்லாத காட்டிலும் வெட்கமாக இருந்தது. "ஓ" என்றேன். உடைந்து, பாதியிலேயே அமுங்கிப்போயிற்று. சத்தம் போட்டுப் பேசியே வருடக்கணக்காகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் நின்று பார்த்தேன். கீழேயிருந்து பதில் இல்லை. அவர்களுக்கும் வேலை இருக்கும், எனக்காகக் காதைத் தீட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வலித்தது. அந்த வலி எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புள்ளியைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கச் சரிவில் இறங்கினேன்.

பாதிச் சரிவில் பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டது. யானையோ என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர். தலையில் துண்டு, கையில் கொடுவாள், உடம்பெல்லாம் வியர்வை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்னாங்க சார், குரலையே காணோம்?"

"குடுத்தேங்க. உங்க கிட்ட இருந்து பதில் வரல. அதான் வந்துட்டேன்."

"பதில் வரலன்னா போவக் கூடாதுங்க. வர்ற வரைக்கும் குடுத்துகிட்டே நிக்கணும். நாங்க என்னான்னு நெனைக்கறது? கால் பெசகி எங்கயாச்சும் வுழுந்துட்டீங்களோன்னு ஓடியாறேன். ஆன வேற தண்ணிக்கு எறங்கற நேரம்."

என் தரப்பு நியாயத்தைச் சொல்ல டேப்லெட்டை நீட்டினேன். "நான் வழி மாறலங்க. பாருங்க, இதான் நான். எங்க இருக்கேன்னு சுத்தமா காட்டுது."

அவர் மரியாதைக்குக் குனிந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியுதுங்க சார். எங்களுக்குத் தெரியணுமில்ல."

பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்கு ஏறினார். வாயருகே கையைக் குவித்து நீளமாக ஒரு குரல் கொடுத்தார். உடனே பதில் வரவில்லை. நின்று, இன்னொன்று கொடுத்தார். ஓடைப் பக்கமிருந்து அந்தப் பெண்ணின் குரல் மெல்லியதாக ஏறி வந்தது. இவர் சின்னச் சின்னதாக இரண்டு குரல் கொடுத்தார்.

"என்னங்க சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆள் கெடைச்சிட்டார்னு சொன்னேங்க. நீங்க போனதுல இருந்து அங்கயே நின்னுகிட்டு இருக்கறா. இனிமேத்தான் அடுப்பு பத்த வப்பா."

கீழேயிருந்து இன்னொரு தடவை அந்தக் குரல் வந்தது. ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அந்த மனிதர் பக்கத்தில் இருப்பதையும் பார்க்காமல் அழுதேன். அவர் கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி, நான் எழுந்திருக்கிற வரைக்கும் நின்றார்.