மிதவைக்குள் பூட்டிய மெயில்

எங்கள் வீட்டில் செல்போன் என்பது தண்ணீர்க் குடம் மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். காலையில் கடலுக்குப் போகுமுன் என் கணவர் காற்று நிலவரம் பார்ப்பார், பிறகு மாமியார் சீரியல் பார்ப்பார், நடுவில் மெயில் வந்தால் அதையும் திறந்துவிடுவார்கள். மீஞ்சூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டது மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் லைட்ஹவுஸ் குப்பம் முழுக்க என் மானம் போகும்.

எனக்கென்று கம்ப்யூட்டர் கிடையாது. பகலில் பழவேற்காட்டில் பாய் நடத்தும் இன்டர்நெட் கடை, சாயங்காலம் பக்கத்துத் தெரு நாத்தனார் மகளின் லேப்டாப். கடையில் யாரோ மூடாமல் விட்டுப்போன மெயிலை ஒருநாள் முழுசாகப் படித்தவள் நான். என்னுடையதை எத்தனை பேர் படிப்பார்களோ! அதனால் பென்டிரைவிலேயே இருந்து, எதில் செருகினாலும் ஓடி, பிடுங்கினால் தடயம் விடாத மெயில் புரோகிராம் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன்.

கல்யாணப் புடவை எடுக்கக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. ஒன்று அழகாக இருந்தது, ஆனால் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்தால்தான் ஓடும். இன்னொன்று பாஸ்வேர்டை அப்பட்டமாக ஒரு கோப்பில் எழுதி வைத்தது. அட கருமமே என்று அழித்தேன். கடைசியில் அமைந்தது பார்க்கச் சகிக்காது. ஆனால் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும், உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும், தெரியாதவர் அனுப்பும் படத்தைத் தானாகத் திறக்காது. 'மெயிலைப் பென்டிரைவில் இறக்கியதும் சர்வரில் அழித்துவிடு' என்று ஒரு கட்டம் இருந்தது. ரெண்டு இடத்தில் இருந்தால் ரெண்டு ஆபத்து என்று அதையும் டிக் செய்தேன். என்ன ஒரு மூளை எனக்கு!

அதோடு விட்டேனா? எங்கள் பக்கம் படகில் சாவி, போன் எதை எடுத்துப்போனாலும் ஒரு மிதவையோடு சேர்த்துக் கட்டுவோம், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். நான் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவள். ஆனாலும் வீட்டுப் புத்தி விடுமா? பழைய வலை மிதவை ஒன்றைக் கீறி, பென்டிரைவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உள்ளே திணித்து, கறுப்பு டேப் ஒட்டி, வாசல் ஆணியில் மாட்டினேன். எந்தத் திருடனும் இதைத் தொட மாட்டான் என்று ஒரே பெருமை.

ஒரு சாயங்காலம் லேப்டாப்பை வாங்கி வந்து செருகினேன். வேலை எனக்குத்தான்! மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் எழுதாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடுமாம். ஒரு வரி இங்கிலீஷ், அதற்கு ஒரு வரி தமிழ் என்று மெயிலை வாய்விட்டுப் படித்தேன். எழுதினாலும் படித்தாலும் எனக்கு அப்படித்தான் மண்டையில் ஏறும். படித்து முடித்ததும் பயம் வந்தது. அவர் வேண்டாம் என்றால்? கருவாடு யார் காயவைப்பது என்று அத்தை கேட்டால்? காலையில் சொல்லிவிட்டு எழுதலாம் என்று பென்டிரைவை மறுபடி மிதவைக்குள் திணித்து, டேப் ஒட்டி ஆணியில் மாட்டினேன்.

காலையில் ஆணி மட்டும் இருந்தது.

"அத்தை, இங்க மாட்டின மிதவை எங்க?"

"வலையில ஒண்ணு அறுந்துபோச்சுனு உன் புருஷன் எடுத்துக் கட்டிக்கினு போனான். இன்னா இப்போ?"

பாய் கடைக்கு ஓடிப்போய்த் திறந்தால் மெயில் பெட்டி காலி. அழிக்கச் சொன்னவளே நான்தானே! கம்பெனி முகவரி, போன் நம்பர் எல்லாம் அந்த ஒரே மெயிலில், அந்த மெயில் கடலில். உலகத்திலேயே பத்திரமான மெயில் என்னுடையதுதான், எனக்கே கிடைக்காது. கரையில் நின்று என்னையே திட்டித் தீர்த்தேன். அழுகையும் வந்தது.

மதியத்துக்கு மேல் படகு கரையேறியது. மீனை யார் பார்த்தார்கள்? வலையில் விழுந்து துழாவினேன்.

"ஏய், கிழிச்சிடாத! இன்னாத்த தேடற?" என்றார் என் கணவர்.

"கறுப்பு டேப் ஒட்டின மிதவை. அதுக்குள்ள என் வேலை கீதுயா!"

"எது, மீஞ்சூர் வேலையா?"

வலையை விட்டு நிமிர்ந்தேன். "உனக்கு யாரு சொன்னது?"

"நீதான். டைப் அடிக்கறப்போ கத்திக் கத்திப் படிக்கிறியே, பக்கத்து வூட்டுக்கே தெரியும். நீயா வந்து சொல்லுவேனு பாத்துக்கினே இருந்தேன். அத இதுக்குள்ள வெச்சிக்கீறேனு எனக்கு இன்னா தெரியும்?"

மிதவையைத் தேடி எடுத்து, கத்தியால் டேப்பைக் கீறி, பென்டிரைவை என் கையில் வைத்தார். துளி ஈரமில்லை. என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று சண்டை போடவேண்டும் போலிருந்தது, ஆனால் மணி நாலைத் தாண்டியிருந்தது.

நாத்தனார் மகள் பொன்னேரி கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாக லேப்டாப்பைப் பிடுங்கிவந்து உட்கார்ந்தேன். பட்டது போதும் என்று இந்தத் தடவை உதட்டை இறுக மூடிக்கொண்டு டைப் அடித்தேன்.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இன்னாடி, சத்தமே காணோம்? கருவாட்ட நான் பாத்துக்கிறேன், சம்மதம்னு போட்டியா இல்லியா?"