நிலத்துப் பங்கு

எங்கள் பெரிய அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அவர்கள் பிள்ளைகள் கேட்டபோது, படித்தவர்கள் யாராவது எழுதட்டும் என்றுதான் சொன்னேன். "அப்பாக்க சின்ன வயசு ஒங்களுக்குத்தானே தெரியும் அத்தை" என்று மருமகன் விடவில்லை. கூடப் பிறந்தவர்களில் மிச்சம் நான் மட்டும்தான். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கீரிப்பாறைக்குப் போகிற வழியில், முள்ளுப்பொத்தையின் அடிவாரத்தில் இருந்த எங்கள் ஓலை வீட்டில். பாறையும் முள்காடுமாக இருக்கும் சிறு குன்றைத்தான் பொத்தை என்போம். அப்பா மரச்சீனிக் கிழங்கு போட்டுக் குடும்பத்தைக் காத்தார். அவர் காய்ச்சலில் போனபோது அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனார். ஐந்தாம் வகுப்போடு நானும் நின்றேன். தங்கைமாரைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டார். நான் தாலியறுத்துத் திரும்பி வந்தபோது அண்ணன், "ஒரு ஆளுக்குக் கூட அரிசி போடு" என்று தன் மனைவியிடம், என் மைனியிடம், சொன்னார். அவ்வளவுதான். அன்று முதல் தெற்கு அறை எனக்கு.

மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, கூலியும் இல்லை. மழை விட்ட பொழுதுகளில் அண்ணன் சித்தப்பாவோடும் நாயோடும் பொத்தையில் ஏறுவார். புதருக்குப் புதர் வலையைக் கட்டி, நாயை விட்டு முயலைக் கலைப்பார்கள். சினை முயல் சிக்கினால் வலையைத் தூக்கிவிட்டு விடுவார். அந்தக் காலத்தில் இது எங்கள் பக்கத்து வீடுகளில் நடந்த காரியம்தான். வேட்டைக்குச் சட்டத்தில் தடை என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

பொத்தை மேலவீட்டுக்காரருடையது. எழுத்து ஒன்றும் கிடையாது, ஒரு வழக்கம்தான் உண்டு. கிடைத்ததில் ஒரு பின்னந்தொடையைத் தேக்கிலையில் பொதிந்து நிலத்துக்காரர் வீட்டில் கொடுக்க வேண்டும். அதற்கு நிலத்துப் பங்கு என்று பெயர். அவர்கள் அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இனியும் கேறிக்கோ" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த தடவை ஏறலாம்.

ஒரு கார்த்திகையில் மேலவீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். பங்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாலையைக் கழற்றும் வரை அண்ணன் பொத்தைப் பக்கம் போகவில்லை. வீட்டில் கஞ்சிக்கே பாடாக இருந்த நேரம். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவரு மாலை போட்டா நமக்கென்னலே? முயலும் சேந்தா மாலை போட்டிருக்கு?"

அண்ணனும் சிரித்தார். ஆனால் வலையை எடுக்கவில்லை. இப்படி ஒரு பிடிவாதம் அவரிடம் கடைசி வரை இருந்தது. நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேலவீட்டுக்காரர் காலமானபின் அவர் பிள்ளைகள் வெளியூர்களில் இருந்ததால் பொத்தையை ஒரு ரப்பர் முதலாளிக்கு விற்றார்கள். அண்ணன் அவரிடமும் தொடையைக் கொண்டுபோய்க் கொடுத்து வழக்கத்தைச் சொன்னார். அவர் சிரித்து வாங்கிக்கொண்டு அந்த வார்த்தையையும் சொன்னார். பிறகு சரிவு முழுவதும் வெட்டி வெளுப்பித்து ரப்பர் வைத்தார். முயல் உச்சிக்காட்டில் கொஞ்சம்தான் மிஞ்சியது. "அவருக்க நிலம், அவரு என்னமும் வைப்பாரு" என்றார் அண்ணன். அந்த மரங்கள் பாலுக்கு வந்தபோது முதல் வெட்டுக்கு முதலாளி கூப்பிட்டதும் அண்ணனைத்தான்.

ரப்பர் விலை விழுந்த சமயத்தில் முதலாளியும் விற்றுவிட்டார். இந்த முறை வாங்கியவர்கள் வீட்டுமனை போடுகிறவர்கள். ஜேசிபி வந்தது. பாறையை உடைத்தார்கள், சுற்றிலும் மதில் கட்டினார்கள், இரும்பு கேட் போட்டுக் காவலுக்கு ஆளும் வைத்தார்கள். மதில் முடிவதற்குள் பெய்த ஒரு மழையில் அண்ணனுக்கு உச்சிக்காட்டில் ஒரு முயல் கிடைத்தது. தொடையை இலையில் பொதிந்து, வெளுத்த வேட்டி கட்டி, மனை ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த மேனேஜர் வெளியூர் ஆள். பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கிலோ என்ன விலை பெரியவரே?" என்று கேட்டாராம்.

"விலைக்கில்ல சார். நிலத்துப் பங்கு."

அவருக்குப் புரியவில்லை. முயல்கறி என்று தெரிந்ததும் பயந்து போய், இது குற்றமல்லவா என்று போனை எடுத்திருக்கிறார். மறுநாள் வனத்துறையினர் வந்தார்கள். மரியாதையாகவே பேசினார்கள். தடையை விளக்கி, இனிமேல் கூடாது என்று எச்சரித்து, வலையை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

வேட்டையை அண்ணன் அன்றோடு விட்டார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பொத்தையில் கால் வைப்பதையும் விட்டுவிட்டார். மனை பார்க்க வருகிறவர்களுக்காகப் பகலெல்லாம் கேட் திறந்துதான் கிடக்கும். பொத்தை குறுக்கே நடந்தால் பஸ் போகும் ரோடு பக்கம். ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது. அண்ணன் மட்டும் மதிலைச் சுற்றித் தோட்டத்து வழியே போவார். காலில் நீர் கோத்த பிறகும் அப்படித்தான். சித்தப்பா மகன் ஒரு நாள் வழியில் மறித்து, "ஊரே நடக்குவு, ஒங்களுக்கு மட்டும் என்னண்ணே?" என்று கேட்டான்.

"அவன் பங்கு வாங்கல்லலே. வாங்காத மண்ணுல நான் எப்பிடிக் கால் வைக்க?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மேலவீட்டுக்காரர் எங்களுக்குக் குடியிருக்க விட்டிருந்த இடமும், அதாவது அவர் பிறந்த ஓலை வீட்டின் இடமும், அப்பாவின் மரச்சீனி விளையும் அந்த மதிலுக்குள்தான் இருந்தன.

போன சித்திரையில் அண்ணனுக்கு மூச்சுத் திணறல் கூடிப் படுக்கையானார். அப்போது மனையில் வீடு கட்டிக் குடிவந்திருந்த ஒரு பிள்ளை, பலாவைப் போலச் சிறிதாக இருக்கும் அயனிச்சக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். வடசேரிப் பக்கத்துப் பிள்ளை, மாப்பிள்ளை வெளிநாட்டில். அண்ணன் சக்கையைத் தடவிப் பார்த்து, எந்த மரத்தில் உள்ளது என்று கேட்டார். தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ஒற்றை மரம் என்றாள். பொத்தையில் வெட்டாமல் விட்ட மரம் அது ஒன்றுதான். அண்ணன் எழுந்து உட்கார்ந்து ஒரு சுளை தின்றார். பிறகு அவளைப் பார்த்து, "இனியும் கேறிக்கோ மக்களே" என்றார்.

"நான் எங்க கேற, தாத்தா? முட்டுவலில மாடியிலயே கேறதில்ல."

மைனி சிரித்தாள். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அவள் போன பிறகு கொட்டைகளை எல்லாம் எடுத்துக் கழுவி உலர்த்தச் சொன்னார். உலர்ந்ததும் வறுக்கச் சொன்னார். தேக்கிலையில் அவரே பொதிந்தார். வாழைநார் கட்ட மட்டும் நான் உதவினேன்.

"ஏட்டி, நீயே கொண்டு போ. பிள்ளையள்ட்ட குடுத்து விடாத. அவ தின்னுதத பாத்துட்டு வா."

அந்த கேட்டுக்குள் நான் அதுவரை போனதில்லை. காவல்காரர் என்ன ஏது என்று கேட்டதற்கு இலையைக் காட்டினேன். அந்தப் பிள்ளை வெளியே வந்து, நின்றபடியே ஒரு கொட்டையை உரித்து வாயில் போட்டாள். மேலவீட்டுக்காரர் காலம் தொட்டு நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். இன்னொன்றையும் உரித்துத் தின்றாள்.

"அப்ப நானும் சொல்லணும் என்னா? தாத்தாவ இனியும் கேறிக்கிடச் சொல்லுங்க பாட்டி."

திரும்பி வந்தபோது அண்ணன் வாசலைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

"தின்னாளா?"

"தின்னா. வார்த்தையும் சொன்னா."

அவர் மைனியிடம் தன் செருப்பு எங்கே என்று கேட்டார். ஆட்டோ பிடிக்கலாம் என்றான் மருமகன். நடந்துதான் கேறுவேன் என்றார். மூச்சுத் திணறல் கொஞ்சம் குறையட்டும் என்று நாங்கள் சொன்னோம். குறையவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமை விடிகாலையில் அண்ணன் அவர்கள் காலமானார்கள். செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுப் பிள்ளைகளுக்கும், தூக்கவும் எடுக்கவும் நின்ற தோட்டத் தொழிலாளர்களுக்கும், பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குப் பந்தல் போட்டுப் பாத்திரம் தந்த அயல் வீட்டுக்காரர்களுக்கும், தூர ஊர்களிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. அயனிச்சக்கை தந்த பிள்ளைக்குத் தனியாக நன்றி. ஆண்டு நினைவு நாளில் இறக்கும் பாயசத்தில் முதல் தூக்குவாளி அவள் வீட்டுக்குத்தான் போகும்.

இந்த மலரை வாங்குகிறவர்கள் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அண்ணனுடைய வழக்கப்படி, சாப்பிட்டவர்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். கூச்சமாக இருந்தால் மனதுக்குள் சொன்னால் போதும்.