மேற்குப் பக்கத்து மாப்பிள்ளை

ஆடி மாதம் ஒரு கல்யாண போட்டோகிராபரின் வீட்டில் வந்து இருந்து பாருங்கள், அப்போது தெரியும். முகூர்த்தம் கிடையாது, வேலை கிடையாது. கேமராவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்காரியின் வாயில் விழுந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். தென்காசியில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. ஆடியில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்களை நம்பித்தான் கடையைத் திறப்பேன். அப்படி ஓர் ஆடியில், ஈ ஓட்டப் பிடிக்காமல், வீரகேரளம்புதூர் போகிற வழியில் இருக்கும் ஒரு குளத்துக்குப் போனேன். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மனுஷருக்குத்தான் ஆடி ஆகாது. அவற்றுக்கு அதுதான் கல்யாண மாதம்.

தண்ணீருக்குள் நின்ற ஒரே கருவேலமரத்தில் மொத்தக் கூட்டமும் இருந்தது. மஞ்சள் தலை ஆண்கள் எல்லாம் கிழக்குப் பக்கக் கிளைகளைப் பிடித்திருந்தன. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று மேற்கிலிருந்து வந்து அறையும். கிழக்கே கட்டினால் மரமே மறைப்பு. ஆண் குருவி கூட்டைப் பாதி வரை கட்டி, கவிழ்த்த சட்டி மாதிரி தொங்கவிட்டு, சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து உட்கார்ந்து நாரை இழுத்து இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால்தான் மீதி வேலை: முட்டை அறை, கீழே தொங்கும் நீளக் குழாய் வாசல் எல்லாம். பிடிக்காவிட்டால் பாதியோடு சரி.

மேற்குப் பக்கம் ஒருவன் மட்டும் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தான். லென்ஸில் இழுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. இடது காலில் இரண்டு விரல் இல்லை. ஏதோ மீன்வலையின் நைலான் நூலில் மாட்டி அறுந்திருக்க வேண்டும். கோரைக் கீற்றைக் காலால் அழுத்திக்கொண்டு அலகால் முடிச்சுப் போட வேண்டும். இவன் அழுத்தினால் கீற்று வழுக்கியது. கிழக்குப் பக்கம் போனால் மற்றவை கொத்தித் துரத்தின. திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடங்கினான். அன்றைக்கே எனக்கு அவன்மேல் ஒரு பிடிப்பு விழுந்துவிட்டது.

அந்த வருஷம் அவன் கூட்டைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த ஆடியிலும் அதே மேற்குக் கிளை, அதே கால். ஒருத்தி வந்தாள். ஒரு இழுப்புதான் இழுத்தாள், நார் அவள் வாயோடு வந்துவிட்டது. மூன்றாம் வருஷம் யாரும் எட்டியே பார்க்கவில்லை. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். மண்டபத்தில் மாப்பிள்ளைகள் சந்தன மாலையோடு உட்கார்ந்து, ‘அண்ணாச்சி, வயிறு தெரியாம எடுங்க’ என்று சொல்லும்போதெல்லாம் இவன் ஞாபகம்தான் வரும். யாரோ கட்டிக்கொடுத்த மேடையில் வந்து உட்காருகிறவர்கள் அவர்கள். இவனுக்கு எல்லாம் இவனே செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் ஒன்றரைக் காலில்.

என் மனைவி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அவனுக்கு ‘மேற்குப் பக்கத்து மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தாள். சாப்பாடு போடும்போது, உங்க மாப்பிள்ளைக்குப் பொண்ணு அமைஞ்சுதா என்று கேட்பாள். கேலிதான். ஆனால் கேட்காமல் இருந்த நாள் கிடையாது.

நாலாவது வருஷம் சீசன் ஏமாற்றிவிட்டது. ஆடி முழுக்கக் காற்று மட்டும் அடித்தது, சாரல் இல்லை. குற்றாலத்தில் பாறைதான் தெரிந்தது. பழக்கடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். குளத்தோரம் பச்சை இல்லை. பச்சைக் கீற்று இல்லாமல் குருவி எதை வைத்துக் கட்டும்? ஆவணி பிறந்து, காற்று ஓய்ந்தபிறகுதான் மழை வந்தது. கோரை முளைத்தது. குருவிகளும் வந்தன, அவனும் வந்தான். மேற்கேதான் கட்டினான். ஆனால் இந்தமுறை அறைவதற்குக் காற்று இல்லை. கூடு கொஞ்சம் கோணலாக, ஆனால் கெட்டியாகத் தொங்கியது.

எனக்குத்தான் நேரம் சரியில்லை. ஆவணியில் முகூர்த்தம் முகூர்த்தமாக வந்து விழுந்தது. பெண் குருவிகள் கூடு பார்க்கத் தொடங்கிய அந்த வாரம் நான் மண்டபம் மண்டபமாக அலைந்தேன். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளத்துக்கு ஓடலாமா என்றுகூட யோசித்தேன். புலம்பல் தாங்காமல் மனைவி பழைய கேமராவைக் கையில் எடுத்தாள்.

“நீங்க போயி தாலி கட்டுறத எடுங்க. அங்கன நான் போயி நிக்கேன்.”

மறுநாள் காலை கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்க முடியுமா? தாலி மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை ஓய்ந்து, பந்திக்கு ஆட்கள் நகர்ந்த பிறகுதான் வெளியே ஓடிவந்து கூப்பிட்டேன்.

“ஒருத்தி வந்தா,” என்றாள். “நாரப் புடிச்சு இழுக்கா, இழுக்கா. கூடு அசையல. பொறவு இன்னொருத்தி எட்டிப் பாக்க வந்தா. இவ கொத்தி வெரட்டிட்டு, வாசல்லயே காவல் இருக்கா.”

அந்த ஆளில்லாத வராந்தாவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் அழுகிற இடத்தில் போட்டோகிராபர் நின்று அழுதால் என்ன நினைப்பார்கள்?

அவள் எடுத்த படம் சாய்ந்துதான் இருந்தது, கொஞ்சம் கலங்கலும்கூட. ஆனாலும் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் பெண் குருவியின் முகம் அதில் தெரிந்தது. சுத்தமாக எடுத்த என் படங்கள் ஒன்றிலும் அது இல்லை.

அதற்கடுத்த காலை முகூர்த்தம் இல்லை. இரண்டு பேரும் பைக்கில் போனோம். அவன் கோரைக் கீற்றோடு வந்தான். விரல் இல்லாத காலை மடக்கி, குதியால் அழுத்திக்கொண்டு, முட்டை அறையைச் சுற்றி வளைத்தான். அடுத்தடுத்த நாட்களில் குழாய் வாசலை இறக்கினான். அதில் ஒரு கோணல்கூட இல்லை.

“இவ்வளவு அழகா கட்டத் தெரிஞ்சவன் இத்தன வருசமா ஏன் கட்டல?” என்று மனைவி கேட்டாள்.

பாதிக் கூட்டையே பார்த்துப் பார்த்து, மீதியைக் கட்ட அவனுக்கு வராது என்றுதான் நானும் முடிவு செய்திருந்தேன். கால் அப்படி, பாவம் என்று. வராமல் இல்லை. மீதியையும் கட்டு என்று சொல்ல ஒருத்தி வரவில்லை, அவ்வளவுதான்.