நல்ல தண்ணியும் மோலிக் குஞ்சுகளும்

என் மருமகள் வளர்த்த மீன்குஞ்சுகளைக் கொன்றது நான். பழி அவள்மேல் விழுந்தபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

எங்கள் வீடு அவனியாபுரத்தில். மகனுக்கு வேலை வெளியூரில். மருமகள் எங்களோடு இருந்து உள்ளூரில் வேலைக்குப் போய் வருகிறாள். வந்த புதிதில் அவளுக்கும் என் மனைவிக்கும் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். ஒருநாள் அவள் ஒரு கண்ணாடித் தொட்டியும் சில கறுப்பு மோலி மீன்களும் வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள். அதன் பிறகு வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதும் கைப்பையைக்கூட வைக்காமல் தொட்டி முன்னால் நிற்பாள். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வாள். எது எதை விரட்டுகிறது, எது சாப்பிடவில்லை என்று இருவருக்கும் பேச்சு ஓயாது.

மோலி முட்டையிடாது, குட்டி போடும். முதல் ஈற்றுக் குஞ்சுகளைப் பெரியவை தின்றுவிடாதபடி மருமகள் தனியாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் எடுத்து விட்டிருந்தாள். அதில் இருந்தது எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயில் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். முழங்கால் வலியென்று நான் போகவில்லை. குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தது. மதுரைப் பக்கம் அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நல்ல தண்ணி. குடிக்க, உலை வைக்க, பிள்ளைக்குப் பால் கலக்க எல்லாவற்றுக்கும் அதுதான். குடங்களை நிரப்பிவிட்டுத் திரும்பியபோது அந்தக் குஞ்சுகள் கண்ணில் பட்டன. பச்சை உயிர்கள் உப்புத் தண்ணீரில் கிடக்கின்றனவே என்று பரிதாபப்பட்டேன். அதை வடித்துக் கொட்டிவிட்டு, குழாயிலிருந்து பிடித்த நல்ல தண்ணியை அப்படியே ஊற்றினேன்.

முதலில் அவை வேகமாக ஓடின. சந்தோஷம் என்று நினைத்தேன். பிறகு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, தலைகீழாகச் சுழன்றன, ஒவ்வொன்றாக அடியில் போய்ப் படிந்தன. அப்போதுதான் என் கையிலிருந்து அந்த வாடை வந்தது. குளோரின். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றவன் நான். குளோரின் எதையெல்லாம் கொல்லும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். நல்ல தண்ணி என்ற சொல்லுக்குள் குளோரின் இருக்கும் என்பது மட்டும் அன்று தோன்றவில்லை.

அதோடு விட்டேனா? அந்தத் தண்ணீரை நந்தியாவட்டைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பழையபடி உப்புத் தண்ணீரை நிரப்பி, செத்த குஞ்சுகளை அதிலேயே போட்டு வைத்தேன்.

வீடு திரும்பியவர்கள் பார்த்தார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் கொசுவத்தியின் சாம்பல் கிடந்தது. மருமகள் கொளுத்தி வைத்தது.

“அம்புட்டுப் புகையவும் அதுக மூஞ்சிக்கு நேரா வச்சா, எப்படித்தா உசுரோட இருக்கும்? படிச்ச புள்ளதான நீயி?” என்றாள் என் மனைவி.

மருமகள் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்த வாரமே பெரிய மீன்களையும் தன்னோடு வேலைபார்க்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். பிறகு வேலை விட்டு வந்தால் நேரே தன் அறைக்குள் போய்விடுவாள். வீட்டில் மறுபடியும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் மட்டும். நாலு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். மாதங்கள் போயின. சொல்லவில்லை.

சொல்வதற்குப் பதிலாக மீன் வாங்கினேன். கீழவாசல் பக்கத்துக் கடையில் வயிறு பெருத்த கறுப்பு மோலி ஒன்று. கூடத்தில் காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியில் விட்டேன். அதை வைத்து ஒரு கூட்டம் குஞ்சுகளை ஆளாக்கி அவள் கையில் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது என் எண்ணம்.

குற்ற உணர்ச்சியில் தொடங்கியவன், சில நாட்களில் எதற்காகத் தொடங்கினேன் என்பதையே மறந்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிரசவ நேரம் நெருங்க நெருங்க மோலியின் வயிறு உருண்டையாக இல்லாமல் சதுரமாகிறது. குட்டி உடலை மடித்துச் சுருண்டபடி வெளியே வருகிறது. ஒரு கணம் கீழே இறங்குகிறது, நிமிர்கிறது, உடனே ஒளிய இடம் தேடுகிறது. ஒளியவேண்டும் என்று அதற்கு யார் சொன்னது? பெற்றவளே திரும்பி ஒன்றை விழுங்கியதைப் பார்த்தபோது விடை கிடைத்தது. காய்கறிக் கூடை ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்தித் தாயை அதற்குள் விட்டேன். பிறந்தவை ஓட்டைகள் வழியாக நழுவித் தப்பின.

வெந்த மஞ்சள் கருவைத் துணியில் வைத்துப் பிழிந்து போட்டேன். ஒருநாள் கை தாராளமாகி, தண்ணீர் மோர் மாதிரி கலங்கிச் சில செத்தன. மற்றவை கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்றன. என் நிழல் விழுந்தால் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். அவை கண்டுகொண்டது என்னையா, சோற்று நேரத்தையா? வேறு சட்டை போட்டுப் பார்த்தேன், மறுபக்கம் போய் நின்று பார்த்தேன். இன்றுவரை முடிவு தெரியவில்லை.

மருமகள் அந்தப் பக்கம் வரவே இல்லை. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்த பிறகு ஒரு மாலை, தண்ணீர் குடிக்க வந்தவள் நின்றாள்.

“இதுக்கு என்ன தண்ணி மாமா ஊத்துறீக?”

“உப்புத் தண்ணிதாம்மா.”

“நானும் அதான ஊத்துனேன்” என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். “நான்தான் புகையப் போட்டுக் கொன்னுட்டேன்.”

இத்தனை நாளும் அவள் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். மனைவி திட்டிய கோபத்தில்தான் ஒதுங்கியிருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். இது எனக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்த மனைவியையும் கூப்பிட்டேன்.

“அன்னைக்கு நல்ல தண்ணிய மாத்தி ஊத்துனது நான். அதுலதான் செத்துச்சு. தெரியக் கூடாதுன்னு மறுபடி உப்புத் தண்ணிய ஊத்தி வச்சதும் நான்தான்.”

“அன்னைக்கே அத்தகிட்டச் சொல்லியிருக்கலாம்ல மாமா” என்றாள் மருமகள். குஞ்சுகள் உனக்குத்தான் என்றேன். “வேணாம். அது உங்க மீனு.” அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். காபியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மருமகளிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. அறைக்குள் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தாள்.

இப்போதெல்லாம் கேஸை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னால், மருமகள் போய் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள். சரி என்று இருந்துவிடுகிறேன். வேறென்ன சொல்ல முடியும்?

என் குஞ்சுகளில் ஒன்று போன வாரம் வயிறு பெருத்துத் தொட்டியின் மூலையில் ஒதுங்கியது. அதை முதலில் கவனித்தது என் மனைவி.

“ஏத்தா, வெரசா வா. இது இன்னைக்குப் போட்டுரும் போலருக்கு.”

மருமகள் கைப்பையோடு வந்து குனிந்தாள். நானும் எழுந்து போனேன். “நீங்க தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீக” என்றாள் மனைவி. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இருவரும் எதையோ பார்த்துச் சிரித்தார்கள். என்னவென்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.