கிருமி வளர்க்கிற அம்மா

கிருமி வளர்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகிவிடும். திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் வளர்ப்பது மிக்ஸோகாக்கஸ் சாந்தஸ். மண்ணில் வாழ்ந்து, மற்ற பாக்டீரியாவைத் தின்று, மனிதரை ஒன்றும் செய்யாத சாது. எல்லாம் தெரியும். ஆனாலும் எட்டு மாதப் பாப்பாவுக்கு எதையோ ஒட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேனோ என்று தினமும் நடுங்குகிறேன். வேலைக்குப் போய்வரும் அம்மாக்களே, உங்களுக்குப் புரியும்.

புழுக்கை

இந்தக் கிருமியைப் பிடிக்க, வேகவைத்த புழுக்கையை ஈர மண்மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். முயல் புழுக்கை உத்தமம். எனக்குக் கிடைத்தது ஆடு. திருவெள்ளறைப் பக்கம் கையுறையும் கவருமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்த அம்மா, "செடிக்கா?" என்றார். "இல்லீங்க, குக்கர்ல வேகவைக்க." என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுல சொல்லிட்டுத்தானே வந்தே?"

கறுப்புத் தாள்

பிரசவ லீவு முடிந்த முதல் வாரம். வெயிலும் தூசியும் படக்கூடாதென்று கிருமி வளரும் கண்ணாடித் தட்டுகளைக் கறுப்புத் தாளில் சுற்றி வைத்தேன். ஐந்தாம் நாள் பிரித்தால், சிவந்திருக்க வேண்டியது வெளிறிய மஞ்சள். வேறு கிருமி புகுந்துவிட்டது, அதுவும் என் கையிலிருந்துதான் என்று அழாத குறை. உதவியாளர் செல்வி அக்கா தட்டுகளை ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்தார். இரண்டு நாளில் சிவந்துவிட்டன. வெளிச்சம் பட்டால்தான் அதற்குச் சிவப்பு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"பச்சப்புள்ள மாதிரி பொத்தி வச்சா எப்படிம்மா? அதுக்கும் காத்து வெளிச்சம் வேணாமா?"

காய்ச்சல்

ஸ்ரீரங்கம் வீட்டுக்குள் நுழைந்ததும் தலைக்குக் குளியல், துணியை வெந்நீரில் முக்கல், கைக்கு ஸ்பிரிட். பள்ளியில் தினம் என் நகம் பார்த்த கான்வென்ட் சிஸ்டர்கள் இருந்தால் மெடலே குத்தியிருப்பார்கள். இதெல்லாம் முடியும்வரை பாப்பா என்னைப் பார்த்துக் கைநீட்டி அழும். கணவர் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்.

போன மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: கிருமியின் பெயர், நிறம் மாறுவது, என் குளியல் உட்பட. "சாதாரண சளிதான்" என்றவர், "நீங்க குளிக்கிற நேரம் பூரா பாப்பா யார்கிட்ட?" என்று கேட்டார். பக்கத்தில் கணவர் தும்மினார்.

"சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க, சட்டைய மாத்துங்க, புள்ளைய நீங்களே தூக்கிக்கோங்க. சாரைக் குளிக்க அனுப்புங்க."

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள்; கழுவிய கை காய்வதற்குள் பாப்பா இடுப்பில் ஏறிவிடுவதால், பயப்பட முன்போல் நேரம் கிடைப்பதில்லை.